விட்டு விட்டு

ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் போதும்,
தானாக எழுந்து
இல்லை, இல்லை என்றது வைப்பர்.
மங்காஃபில் ஆகஸ்டு. நாற்பத்தொன்பது டிகிரி.
காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிறீச்சிட
சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்
நான் அவரைத்தான் மறுக்கிறேன் என்று நினைத்து
இரண்டு கையையும் விரித்தார்.

பிறகு அதுவும் நின்றுபோனது.

ஃபாஸுக்குப் போன இடத்தில்
குச்சியை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தவர்
தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.
வருடத்துக்கு நாலு நாள் மழை.
அந்த நாலு நாளுக்காக
தஃப்தர் புதுப்பிக்க மாட்டார்களாம்.
வண்டியின் பெயர் வேறு சன்னி.

ஷுவைக்கில் விசாரித்தேன். புதுசு முப்பத்தெட்டு தினார்.
உடைத்த வண்டியில் எடுத்தது பதினெட்டு,
"கியாரண்டி கேக்காதீங்க சிஸ்டர்."
வஃப்ரா எண்ணெய்வயலில் இருந்து
எட்வின் சொன்னான்:
நீ கை வைக்காதே, வியாழன் வந்து பார்க்கிறேன்.
மூன்று வியாழன் வந்தான்.
மூன்று வியாழனும் தூங்கினான்.
குற்றமாகச் சொல்லவில்லை,
அங்கே தூக்கத்துக்கும் ஷிஃப்ட்தான்.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை
கிளினிக்கிலிருந்து வந்த கையோடு
பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றினேன்.
ஸ்டியரிங் கழுத்துக்கு அடியில் மூன்று ஸ்குரூ.
ஒன்றின் தலை மழுங்கியிருந்தது,
எனக்கு முன்னால் யாரோ கோபமாகத் திருகியிருக்கிறார்கள்.
ரப்பர் பேண்டை நடுவில் வைத்து அழுத்தியதில் அசைந்தது.
பிளக்கின் நாக்கை நகத்தால் அமுக்கி
கடைவாய்ப் பல் பிடுங்குவதுபோல் சுவிட்சைப் பிடுங்கி
துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு லிஃப்டில் ஏறினேன்.
ஐந்தாம் மாடி எகிப்துக்காரி
குழந்தையோ என்று எட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து
மூடியை நெம்பினேனோ இல்லையோ,
ஸ்பிரிங் துள்ளியது. அதன் தலையில் இருந்த
கடுகளவு இரும்புக் குண்டு
போன இடம் தெரியவில்லை.
அது இல்லாமல் ஒன்றும் நடக்காது.
மெதுவாக, வேகமாக என்று
பள்ளம் பள்ளமாக விழுந்து
விரலுக்குச் சொல்வது அதுதான்.

ஃபிரிட்ஜ் கதவிலிருந்த
வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்து
சோபாவுக்கு அடியில் தரையோடு இழுத்தேன்.
இரண்டு ஹேர்பின்.
எட்வின் ரம்ஜான் மாதம் முழுக்கத் தேடிய நகவெட்டி.
அப்புறம் மாதாவின் முதுகில்
குண்டு.

செம்புப் பட்டைகளில் பழைய கிரீஸ்
கருப்பட்டிப் பாகாக இறுகியிருந்தது.
ஊசி குத்துமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு
பதினொன்று செலவு.
மிச்சக் கறையை ஷெரினின் பென்சில் ரப்பரால் தேய்த்தேன்,
காலையில் பள்ளிக்கூட வேன் வருமுன்
அவளுக்கு வேறு வாங்கவேண்டும்.
ஒரு பட்டை மட்டும்
தேய்க்கத் தேய்க்க மெலிந்து
அடியில் பிளாஸ்டிக் தெரிந்தது.
வாசலின் தடவினேன். மூடினேன்.

இரவு பதினொன்றுக்குக் கீழே போனபோது
கடல்காற்றில் கண்ணாடி வெளியே வியர்த்திருந்தது.
குச்சியை இழுத்தேன்.
மெதுவாக: வந்தது.
வேகமாக: வந்தது.
தண்ணீர் பீச்சியது. ஜூலை மாதத் தூசெல்லாம் சேறாகி
இரண்டு விசிறியாக ஒதுங்கியது.
விட்டு விட்டு: இல்லை.
மறுபடி வைத்தேன். இல்லை.

ஃபாஸில் அதைக் கேட்கமாட்டார்கள்.

போன் அடித்தது. கிணற்றுப் பக்கம் டவர் சரியில்லை.
"வியாழன்... நானே... சுவிட்ச..." என்றான்.
சரி என்றேன்.
கேட்டிருக்குமா தெரியாது.

மேலே வந்து துப்பட்டாவை உதறினால்
ஒரு ஸ்குரூ விழுகிறது. மழுங்கியதேதான்.
எங்கே போடுவது என்று தெரியாமல்
மாதாவின் முதுகில் ஒட்டி
பழையபடி ஃபிரிட்ஜில் வைத்தேன்.
கொஞ்சம் சாய்ந்து நிற்கிறாள்.